நல்ல கை என்று சொன்னேன்

எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. பார்க்கத் தம்ளர் மாதிரி இருக்கும். அதைப் பிடித்துத் தூக்கினால் ஒவ்வொரு விரலும் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பக்கத்திலுள்ள திரை கோடு கோடாகக் காட்டிவிடுகிறது. போன மாதம் என்னை வரவழைத்து அதைக் காட்டினார்கள். இப்போது துறையைப் பார்த்துக்கொள்ளும் ஷீபா, "அக்கா, நீங்கள்லாம் அந்தக் காலத்துல வெறும் பிளாஸ்டிக் தம்ளரும் ஸ்டாப்வாட்சும் வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போய் டெஸ்ட் எடுத்தியள்லா, அதப் பத்தி ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்க. புதுப் பிள்ளைகளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றாள்.

நாலு பக்கம் எழுதிவிடலாம். உற்சாகம் தருமா என்று தெரியவில்லை. இதைப் போடுவதும் போடாமல் விடுவதும் ஷீபாவின் இஷ்டம்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பது பதவியின் பெயர். அடிபட்ட கை, வாதம் வந்த கை, நரம்பு செத்த கை இவற்றை மறுபடியும் சட்டைப் பொத்தான் போட வைப்பது, சோறு பிசைய வைப்பது என் வேலை. என் அம்மாவுக்குக் கடைசிவரை அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "எஸ்தரு கைக்கு எக்சசைஸ் சொல்லிக்குடுக்கா" என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் நாலு வருடம் எலும்புகளின் பெயரையும் நரம்புகளின் பெயரையும் உருப்போட்டேன். விடுதிச் சாம்பாரைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பினேன்.

வேலையைக் கற்றுக்கொண்டது செல்லையா சாரிடம். அவர்தான் அப்போது துறைத் தலைவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். யாரையும் அதட்ட மாட்டார், புகழவும் மாட்டார். ஒரு சோதனையைத் தொடங்குமுன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள வாக்கியங்களை அப்படியே வாசிப்பார். "குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டைகளில் வையுங்கள். வைத்து முடித்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துத் தட்டில் போடுங்கள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகச் செய்யுங்கள்." ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஆயிரத்தோராவது தடவையும் அட்டையைப் பார்த்துத்தான் வாசிப்பார். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்கு ஆள் சோதனை மாறிவிடும் என்பது அவர் கணக்கு. சோதனை நடக்கும்போது "நல்லது", "சபாஷ்" என்று எதுவும் சொல்லக்கூடாது. முகத்திலும் காட்டக்கூடாது. எங்கள் துறையில் அழிரப்பரே கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அடிபட்ட கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொல்வதற்கு, அடிபடாத கை எப்படியிருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். எங்களிடம் இருந்த அட்டவணைகள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் கையை அளந்து போட்டவை. நாற்று நட்ட கைக்கும் பீடி சுற்றிய கைக்கும் அவை பொருந்தவில்லை. அதனால் நம்முடைய ஜனங்களையே அளந்து ஓர் அட்டவணை போடுவோம் என்று சார் முடிவு செய்தார். நோய் நொடி இல்லாதவர்கள், ஆணும் பெண்ணும், வயதுவாரியாக, தொழில்வாரியாக. சார் கொஞ்ச ஊர், நான் கொஞ்ச ஊர் என்று பிரித்துக்கொண்டோம். 

சோதனை மூன்று. ஒன்பது குச்சிகளை ஒன்பது ஓட்டைகளில் வைத்து எடுப்பது முதலாவது. அதில் விரலின் வேகம் தெரியும். கைப்பிடியின் பலத்தை முள்ளால் காட்டும் பிடிமானியை அமுக்குவது இரண்டாவது. முழங்கை மடங்கியிருக்க வேண்டும், விலாவில் சாயக்கூடாது, மூன்று தடவை அமுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். மூன்றாவது சார் தாமாகவே யோசித்து உண்டாக்கியது. கல்யாண வீட்டில் தண்ணீர் வைப்பார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தம்ளர். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கி வைத்திருக்கும்போதே நாங்கள் சொல்லாமல் அதில் தண்ணீர் ஊற்றுவோம். நல்ல கை என்றால் பாரம் ஏற ஏற, வழுகாத அளவுக்கு மட்டும் பிடியை இறுக்கும். தம்ளர் நெளியாது. தொடுவுணர்ச்சி குறைந்த கைக்கு அந்த அளவு தெரியாது. ஒன்று நழுவவிடும், இல்லையென்றால் நசுக்கிவிடும்.

முதலில் போனது சீவலப்பேரிக்கு. சார்கூட நானும் போயிருந்தேன். வயல் வேலை செய்கிற ஒருவர் பிடிமானியை அமுக்கினார். முள் கடைசிவரை போய் நின்றது. அதே தெம்போடு தம்ளரைப் பிடித்து ஒரே நசுக்காக நசுக்கிவிட்டார். தண்ணீர் முழுவதும் சாரின் வேட்டியில். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "ஏலே, உன்னையத் தூக்கத்தான சொன்னாவ, பிழியவா சொன்னாவ?" என்றார். சார் சிரிக்கவில்லை. ஈர வேட்டியோடு புதுத் தம்ளரை வைத்து, அட்டையை எடுத்து, முதலிலிருந்து வாசித்தார். இரண்டாவது தடவை அந்த வயல்காரர் தம்ளரைப் பூவை எடுப்பது போல எடுத்தார். முதல் தடவை அவருக்குச் சொன்னது விளங்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் சார் சொன்னார்: "ரெண்டாந்தடவ சரியாச் செஞ்சா விளங்கலன்னு அர்த்தம். ரெண்டாந்தடவயும் அப்படியே செஞ்சா அந்த ஆளு ஆரோக்கியமான ஆளு இல்ல. நைலான் இழைய எடுத்து விரல் விரலாத் தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாக்கணும். முழங்கை நரம்பு தடிச்சிருக்கான்னு தடவிப் பாக்கணும். டாக்டருக்குச் சீட்டு எழுதணும். அந்தத் தாளைத் தனியா வச்சிட்டு வேற ஆளப் பாக்கணும்."

இதையெல்லாம் விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

கல்லிடைக்குறிச்சி என் பங்கில் வந்தது. ஓர் அப்பளக் கூடத்தில் வேலை செய்யும் பெண்கள். முப்பதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருபது பேர் எனக்கு வேண்டும். மூன்று நாள் போய் வந்தேன். அவ்வளவு வேகமான கைகளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வலது கை குழவியை உருட்ட, இடது கை அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும். மூன்றாவது நாள் மாலை பத்தொன்பது பேர் முடிந்தது. இருபதாவதாக வந்தவரை முப்பிடாதி என்று சொல்கிறேன். அது அவருடைய பெயரில்லை. வயது முப்பத்துநாலு. கணவர் வாழைத் தோட்டத்தில் வேலை செய்பவர். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், ஒரே ஒரு மகள்.

வலது கை பிரமாதமாக இருந்தது. இடது கையில் குச்சிகள் விழுந்தன. ஒன்றை எடுக்கப் போனால் இரண்டு உருண்டது. தம்ளரைத் தந்தேன். தண்ணீர் ஊற்றும் முன்பே அது நெளிந்தது. ஊற்றியதும் நசுங்கியது. புதுத் தம்ளர் தந்தேன், மறுபடி அட்டையை வாசித்தேன். அதுவும் நசுங்கியது. மூன்றாவதும்.

அவருக்கே வெட்கமாகிவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இந்தக் கடைசி ரெண்டு விரலும் கொஞ்ச நாளா மரமரன்னு இருக்கும்மா. அப்பளம் ஓரம் கிழிஞ்சு கிழிஞ்சு போவுது. மொதலாளி ஏசுதாரு" என்றார்.

"எத்தன நாளா?"

"ஒரு ரெண்டு மூணு மாசமா."

சுண்டுவிரலின் வெளிப்பக்கம் ஒரு சின்னத் தீக்காயம் இருந்தது. எப்படி என்று கேட்டேன். "தெரியலம்மா. பாத்தா இருக்கு" என்றார்.

சூடு பட்டது தெரியாமல் ஒருவருக்குத் தீக்காயம் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் துறையில் முதல் வருடம் சேர்ந்த பிள்ளைக்கும் தெரியும். நைலான் இழை என் பையில்தான் இருந்தது. எடுத்திருந்தால் பத்து நிமிடம். சீட்டு எழுத ஐந்து நிமிடம். ஆனால் திருநெல்வேலிக்கு ரயில் வர அரை மணி நேரம்தான் இருந்தது. இவரைத் தனியாக வைத்துவிட்டால் இருபதாவது ஆளுக்காக நாலாவது நாளும் இங்கே வர வேண்டும். அந்த வாரமே அட்டவணையை முடித்துச் சாரிடம் தர வேண்டும், சென்னைக் கூட்டத்தில் அவர் அதை வாசிக்கப் போகிறார், இரண்டாவது பெயராக என் பெயர் வரும் என்பதும் மனதில் இருந்தது. ஆனால் அவையெல்லாம் பிறகு நானே தேடிக்கொண்ட சமாதானங்கள். அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது ரயில்தான்.

"நாள் முழுக்கக் குழவி உருட்டுதீய, மரமரன்னுதான் இருக்கும்" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாம்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன். மரத்துப் போனது மாதிரியே இருக்கு."

"ஒண்ணும் பயப்படாதீங்க. நல்ல கை" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கையைத் தூக்கிக் காட்டி, "கேட்டியாட்டி, நல்ல கையாம்" என்றார்.

ரயிலில் உட்கார்ந்து ஒரு புதுத் தாளை எடுத்தேன். மற்ற பத்தொன்பது பேரின் எண்களையும் பார்த்து, அவற்றுக்கு நடுவில் வருகிற மாதிரி இடது கைக்கு ஒரு எண் போட்டேன். தம்ளர் என்ற இடத்தில் 'நெளியவில்லை' என்று எழுதினேன். பழைய தாளைக் கிழித்து வீரவநல்லூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக விட்டேன். 

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் தோல் மருத்துவரின் சீட்டோடு ஒரு பெண்ணும் அவர் கணவரும் எங்கள் துறைக்கு வந்தார்கள். சீட்டில் தொழுநோய் என்றும், முழங்கை நரம்பு பாதிப்பு என்றும் இருந்தது. இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பருந்தின் நகம்போல வளைந்துவிட்டிருந்தன. எனக்கு ஆளைத் தெரியவில்லை. அவர்தான் என்னைத் தெரிந்துகொண்டார்.

"அம்மா, என்னையத் தெரியலியா? அப்பளக் கூடத்துல வந்து டெஸ்ட் எடுத்தீயளே."

மருந்து ஆரம்பித்தாயிற்று, நோய் யாருக்கும் பரவாது, ஆனால் நரம்பு போனது போனதுதான். அவர் கணவர் கோபத்தில் இருந்தார். என்னிடமில்லை, மனைவியிடம்.

"மூணு வருசமா ஒருத்தர்ட்டயும் சொல்லாம மறச்சு வச்சிருக்கா. கேட்டா ஆஸ்பத்திரி அம்மா நல்ல கைன்னு சொல்லிட்டாவன்னு கதை விடுதா. நீங்க அப்படிச் சொன்னீயளாம்மா?"

முப்பிடாதி என்னைப் பார்த்தார். "நான் அன்னைக்கே மரமரன்னு இருக்குன்னு சொன்னேம்லா? தீக்காயத்தக்கூட நீங்க கேட்டியளே."

செல்லையா சார் அடுத்த மேஜையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். நான் சொன்னேன்: "எனக்கு ஞாபகம் இல்லையே. நிறையப் பேரப் பாத்தோம்."

சார் அலமாரியைத் திறந்து தாளைத் தேடி எடுத்தார். என் கையெழுத்து. இடது கை சரி. தம்ளர் நெளியவில்லை. அதைக் கணவரிடம் காட்டி, "அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு. பின்னாலதான் வந்திருக்கு" என்றார். கணவர் மனைவியின் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார்.

இப்போது நினைத்தாலும் குறுகிப் போகிறேன். அந்த நேரத்தில்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை என்பது மட்டுமில்லை. முப்பிடாதியைப் பார்த்து, "தெரிஞ்ச உடனேயாவது வந்திருக்கலாம்லா" என்றும் சொன்னேன்.

பிறகு ஏழெட்டு மாதம் நான்தான் அவருக்குச் சிகிச்சை தந்தேன். விரல்களுக்குத் தாங்கு பட்டை செய்தேன், எண்ணெய் தேய்த்து நீவினேன், அறுவை சிகிச்சைக்குக் கூடவே நின்றேன். விரல்கள் கொஞ்சம் நிமிர்ந்தன, உணர்ச்சி திரும்பவில்லை. அப்பளக் கூடத்தில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்தர் அந்தப் பெண்ணிடம் எவ்வளவு பிரியமாக இருக்கிறாள் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அந்தத் தாளைக் காட்டிய அன்று மத்தியானம் சார் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் கைக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்திலேயே எடுத்த சோதனை, அதில் தம்ளர் எதையும் காட்டவில்லை என்றால் அந்தச் சோதனையில் பிரயோஜனம் இல்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். தாம் உண்டாக்கிய சோதனை என்பதற்காக அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடாது என்றும் சொன்னார். கிராமங்களுக்குப் போகிற சுகாதாரப் பணியாளர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க இருந்தோம். பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அவர் அடிக்கும்போது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தம்ளர் முப்பிடாதியின் கையில் மூன்று தடவை நசுங்கியது என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். பிறகு எத்தனை கைகள் இப்படிப் பிந்திச் சிகிச்சைக்கு வந்தன என்று எனக்குத் தெரியாது. சார் ஓய்வு பெற்றார், நாலு வருடத்தில் இறந்தும் போனார். அடக்க ஆராதனையில் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன்.

புதுக் கருவியை ஷீபா காட்டிய அன்று, திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் ஏறினேன்.

முப்பிடாதி இப்போது வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாவுப் பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையால்தான். இடது கை பாக்கெட்டை மடியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தது. "வாங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், புதுத் தாள், ஜன்னல், எல்லாம்.

அவர் கேட்டார்: "அப்ப அந்தத் தாள்ல இருந்தது?"

"பொய்."

"எனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னது?"

"அதுவும் பொய்தான். நல்லா ஞாபகம் இருந்துது."

"அன்னைக்கே வைத்தியம் பாத்திருந்தா இந்த விரலு?"

"முழுசாச் சரியாயிருக்கும்னு சத்தியமாச் சொல்ல முடியாது. ஆனா ஆறு மாசத்துக்குள்ள பாத்தா நரம்பு பெரும்பாலும் திரும்பிரும். இப்படி மடங்கியிருக்காதுன்னுதான் நினைக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "அது இருக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்காரவிய மூணு மணிக்கு வருவாவ. அதுவரைக்கும் இருங்க."

"எதுக்கும்மா?"

"அவியட்டயும் சொல்லணும். அவிய அம்மா சாவுத வரைக்கும் என்னைய ஏசிக்கிட்டேதான் கெடந்தாவ. நோய மறச்சு வச்சு வீட்டுக்குள்ள கொண்டாந்தவன்னு. எம் மவளுக்கு மாப்பிள்ளை பேசும்போது அவிய தங்கச்சியும் அதத்தான் சொன்னா. நாளாக நாளாக எனக்கே சந்தேகமாயிட்டு, நாம அன்னைக்கு ஒழுங்காச் சொல்லலியோன்னு. நான் மறைக்கலம்மா. நான் உங்கட்டக் கேட்டேன்."

மூன்று மணிவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாவு வாங்க வந்தவர்கள் என்னை யார் என்று கேட்டதற்கு, முப்பிடாதி "ஆஸ்பத்திரி அம்மா" என்று மட்டும் சொன்னார்.

கணவர் வந்தார். சட்டையெல்லாம் வாழைக்கறை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "வாங்கம்மா, எப்ப வந்தீய?" என்றார். சிகிச்சை தந்தவள் என்ற மரியாதை. முப்பிடாதி, "இங்கன உக்காருங்க. அவிய ஒண்ணு சொல்லணுமாம்" என்றார்.

இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "பெரியவரு தாளக் காட்டுனாரே" என்றார்.

"அத நாந்தான் அப்படி எழுதி வச்சிருந்தேன். அவருக்குத் தெரியாது."

"மரமரன்னு இருக்குன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் முப்பிடாதி.

"சொன்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னும் சொன்னாவ. வேண்டாம்னு ஆக்குனது நான்தான்."

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். முப்பிடாதி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய சட்டைப் பையில் இருந்த ஃபோனைத்தான் கையால் காட்டினார்.

"உங்க தங்கச்சிக்குப் போடுங்க. அவளும் கேக்கட்டும்."

அவர் எண்ணைத் தேடி அழுத்தி, ஃபோனை என் முன்னால் நீட்டினார். இரண்டு தடவை மணி அடித்ததும் அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்து, "என்னண்ணே?" என்றாள். முப்பிடாதி தலையை அசைத்தார்.

"அண்ணன் இல்லம்மா" என்றேன். "நான் எஸ்தர் பேசுதேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலருந்து வந்து உங்க மதினி கையச் சோதிச்சவ."